மூன்றிலொரு பங்காகச் சுருக்குக

(கல்லூரி நூற்றாண்டு நிகழ்வுகளின் ஒரு பகுதியாக, பல்கலைக்கழகம் செல்லவிருக்கும் மாணவிகளுடனான சந்திப்பில் ஆற்றிய உரை)



கல்லூரியின் பெருமைகளைப் பேச மூத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். எங்களிடம் கேட்கப்பட்டது வேறு. பல்கலைக்கழக முதலாம் ஆண்டில் எப்படி வாசிப்பது, எப்படி எழுதுவது என்று தங்கைமாருக்குச் சொல்லுங்கள் என்றார்கள். "நாங்கள்" என்று இங்கு சொல்வது, ஒரே ஆண்டில் இக்கல்லூரியிலிருந்து ஒரே மருத்துவ பீடத்துக்குப் போன நான்கு பேரை. மேடையில் நிற்பது ஒருத்தி. சொல்லப்போவது நால்வருக்கும் நடந்தது. எதையெல்லாம் மறைக்காமல் சொல்வது என்று நால்வரும் தொலைபேசியில் கதைத்து முடிவு செய்த பிறகே இங்கு வந்திருக்கிறோம்.

உயர்தரத்தை நாங்கள் தமிழில் படித்தோம். ஆசிரியர் சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதினோம். ரியூசனில் கிடைத்த குறிப்புகளையும் கடந்தகால வினாத்தாள்களையும் மனப்பாடமாகும்வரை செய்தோம். நல்ல பெறுபேறு வந்தது. மாலை போட்டார்கள், பத்திரிகையில் படம் வந்தது. ஊருக்குள் நாங்கள் கெட்டிக்காரிகள்.

முதல் வாரத்திலேயே அந்தப் பெயர் எங்களைவிட்டுப் போய்விட்டது. விரிவுரை முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. யாரும் சொல்லித் தந்து எழுத வைக்கவில்லை. விரிவுரையாளர் ஒரு மணித்தியாலம் பேசிவிட்டு, இன்ன நூலில் இன்ன அத்தியாயத்தை வாசியுங்கள் என்று சொல்லிப் போய்விடுவார். உடற்றொழிலியல் விரிவுரையில் ஒரு நாள் "ஒஸ்மோசிஸ்" என்ற சொல் பத்துத் தடவையாவது வந்திருக்கும். எங்களில் ஒருத்திக்கு அது விளங்கவேயில்லை. இரவு விடுதியில் அகராதியைத் திறந்தபோதுதான் அது எங்களுடைய பழைய "பிரசாரணம்" என்று தெரிந்தது. பிரசாரணம் பற்றி இரண்டு பக்கம் எழுதக்கூடியவள், அந்த ஒரு மணித்தியாலமும் ஒன்றும் விளங்காமல் இருந்திருக்கிறாள்.

தங்கைமாரே, இதை முதலில் மனத்தில் வையுங்கள். தமிழில் விளங்கிப் படித்த எதுவும் வீணாகாது. அது உள்ளேதான் இருக்கும். புதிய பெயரோடு வரும்போது அடையாளம் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான்.

இனி, நாங்கள் வாசித்த விதத்தைச் சொல்கிறோம். உடலமைப்பியல் நூலின் ஒரு பக்கத்தை வாசிக்க இரண்டு மணித்தியாலம் எடுத்தது. தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்து, அதன் மேல் பென்சிலால் தமிழ்க் கருத்தை எழுதினோம். பக்கம் முழுவதும் பென்சில் எழுத்து. பக்கம் முடிந்ததும், இதில் என்ன சொல்லியிருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தால் எங்களால் ஒரு வசனம் சொல்லியிருக்க முடியாது.

ஒரு நாள் நூலகத்தில் பக்கத்து மேசையில் படித்த சிங்கள மாணவியின் புத்தகம் திறந்து கிடந்தது. அவளுடைய பக்கத்திலும் சொல்லுக்குச் சொல் பென்சில் எழுத்து, சிங்களத்தில். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, ஆறுதலும் வந்தது. அன்றிலிருந்து சேர்ந்து படித்தோம். எங்களுக்குச் சிங்களம் போதாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே வாசித்ததை ஒருவருக்கொருவர் உடைந்த ஆங்கிலத்திலேயே விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. முதலாண்டில் எங்கள் ஆங்கிலம் வளர்ந்தது பெரும்பாலும் அந்த மேசையில்தான்.

அதே காலத்தில் ஒரு மூத்த மாணவி எங்கள் வாசிப்பு முறையையே மாற்றிவிட்டார். முதலில் அகராதியை மூடச் சொன்னார். அத்தியாயத்தின் தலைப்புகளையும் படங்களையும் பார். ஒவ்வொரு பந்தியிலும் முதல் வசனத்தை மட்டும் வாசி. பிறகு ஒரு கேள்வியைக் கொப்பியில் எழுது. அந்தக் கேள்விக்கு விடை தேடி முழுவதையும் வாசி. புத்தகத்தை மூடிவிட்டு, விளங்கியதைத் தமிழில் சொல்லிப் பார். பிறகு ஆங்கிலத்தில் நான்கு வசனம் எழுது. அதன் பின் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் பிழைத்ததையும் சிவப்புப் பேனையால் திருத்து. வாசிப்பைத் தடுக்கும் சொற்களுக்கு மட்டும் கடைசியில் அகராதி பார்.

இது அவர் கண்டுபிடித்த முறையல்ல என்று பின்னர் அறிந்தோம். பிரான்சிஸ் றொபின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1946இல் வெளியிட்ட நூலில் இதைப்போன்ற ஐந்து படிகளை விளக்கியிருக்கிறார்: மேலோட்டமாகப் பார்த்தல், வினா எழுப்பல், வாசித்தல், ஒப்புவித்தல், மீட்டல். 2006இல் றோடிகர், காப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள், ஐந்து நிமிடத்தின் பின் வைத்த சோதனையில் முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரத்தின் பின் வைத்த சோதனையிலோ, வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். பரீட்சைக்கு முதல் நாள் இரவு திரும்பத் திரும்ப வாசித்து, எல்லாம் தெரியும் என்று நினைத்துத் தூங்கியவர்களுக்கு இது நன்றாக விளங்கும்.

சொற்களை மனப்பாடமாக்குவதிலும் ஒரு வழி பிடித்தோம். மருத்துவச் சொற்கள் பெரும்பாலும் கிரேக்க, இலத்தீன் துண்டுகளால் ஆனவை. சொல்லின் கடைசியில் "ஐற்றிஸ்" வந்தால் அழற்சி. ஹெபற்றைற்றிஸ் ஈரல் அழற்சி, நெப்றைற்றிஸ் சிறுநீரக அழற்சி, ஆத்றைற்றிஸ் மூட்டு அழற்சி. "ஹைப்பர்" என்றால் மிகை, "ஹைப்போ" என்றால் குறை. ஐம்பது துண்டுகள் தெரிந்தால் நூற்றுக்கணக்கான சொற்களின் கருத்தை ஊகிக்கலாம். சட்டம், முகாமைத்துவம், பொறியியல் படிக்கப்போகிறவர்களும் உங்கள் துறையில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை முதல் மாதத்திலேயே ஒரு சிறு கொப்பியில் சேர்த்து வையுங்கள்.

எழுத்துக்கு வருவோம். முதலாவது தவணைச் சோதனையில் ஒரு வினா: கடும் வயிற்றோட்டம் உள்ளவரின் நாடித்துடிப்பு அதிகரிப்பதன் உடற்றொழிலியல் அடிப்படையை விளக்குக. எங்களில் மூவர் இதயத்துக்கு நான்கு அறைகள் என்று தொடங்கி, வால்வுகள், குருதிச் சுற்றோட்டம் என்று தெரிந்ததையெல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதினோம். மிகக் குறைந்த புள்ளி கிடைத்தது. கேட்டதற்கு நீங்கள் விடை எழுதவில்லை என்றார் விரிவுரையாளர். அவர் எதிர்பார்த்தது ஆறு வசனம். உடல் நீரை இழக்கிறது. ஆகவே குருதியின் கனவளவு குறைகிறது. ஆகவே இதயத்துக்குத் திரும்பி வரும் குருதியும், இதயம் வெளியேற்றும் குருதியும் குறைகின்றன. ஆகவே குருதியமுக்கம் குறையப் பார்க்கிறது. பெருநாடியிலும் கழுத்து நாடியிலும் உள்ள அமுக்க வாங்கிகள் இதை உணர்கின்றன. பரிவு நரம்புத் தொகுதி தூண்டப்பட்டு, இதயம் விரைவாகத் துடிக்கிறது.

ஒவ்வொரு வசனமும் முன்னதிலிருந்து பிறக்கிறது. எங்கள் இரண்டு பக்கத்தில் "ஆகவே" என்ற சொல் ஓரிடத்திலும் இருக்கவில்லை. அன்றிலிருந்து வினாவின் வினைச்சொல்லின் கீழ்க் கோடு போடப் பழகினோம். பட்டியலிடுக என்றால் பட்டியல் மட்டும். ஒப்பிடுக என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. விளக்குக என்றால் ஏன் என்பதற்கு விடை.

அப்போதுதான் இந்தக் கல்லூரியின் தமிழ் வகுப்பு ஞாபகத்துக்கு வந்தது. ஒரு பந்தியைத் தந்து, மூன்றிலொரு பங்காகச் சுருக்குக என்பார் எங்கள் ஆசிரியை. சொற்களை எண்ணி அடைப்புக்குள் எழுத வேண்டும். மூலத்திலுள்ள வசனத்தை அப்படியே தூக்கி வைத்தால் புள்ளி இல்லை, சொந்த வசனம் வேண்டும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் கேட்பார். எங்களுக்கு அது பெரிய தொல்லை. உயர்தரம் முடியும்வரை அதை மறந்தே போனோம். பல்கலைக்கழகத்தில் எங்களுக்குத் தேவைப்பட்டது அதுதான். ஒரு அத்தியாயத்தை வாசித்து, சாரத்தைப் பிரித்து, சொந்த வசனத்தில் எழுதும் வேலையை நாங்கள் ஏற்கெனவே தமிழில் பழகியிருந்தோம். அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது மட்டும் எங்களுக்குத் தோன்றவில்லை. கலைப்பீடத்தில் தமிழிலேயே படிக்கப்போகும் தங்கைமாருக்கும் இது பொருந்தும். மொழி மாறாவிட்டாலும் சொல்லித் தருவதை எழுதும் காலம் உங்களுக்கும் முடிந்துவிட்டது.

இனிச் சொல்வது எங்கள் நால்வரில் ஒருத்தியின் கதை. அவளுடைய சம்மதத்தோடு சொல்கிறோம். எங்களில் உயிரியலில் கூடிய புள்ளி எடுத்தவள் அவள்தான். முதற் பரீட்சையில் அவள் மட்டும் சித்தியடையவில்லை. விடுதியில் பையைக் கட்டி வைத்துவிட்டு, அப்பாவுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் கட்டிலில் இருந்தாள். அன்றிரவு கதைத்தபோதுதான், அவள் ஆறு மாதமாக ஒரு அத்தியாயத்தைக்கூட முழுதாக வாசித்து முடிக்கவில்லை என்று தெரிந்தது. எங்களோடு மேசையில் இருந்தாள், விளங்கியதுபோல் தலையாட்டினாள். கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள் விளங்கவில்லை என்று சொல்வது எப்படி என்று வெட்கம். எங்களுக்கும் அதே வெட்கம் இருந்தது. நாங்களும் பாதியை மறைத்திருந்தோம். அதனால்தான் அவள் மறைத்ததை நாங்கள் காணவில்லை. இது எங்கள் மூவருக்கும் இன்றுவரை உறுத்தும் விடயம்.

மறுநாள் பையை அவிழ்த்தோம். நாளுக்கு ஒரு பக்கம் அவள் உரத்து வாசிப்பாள், தமிழில் விளக்குவாள், ஆங்கிலத்தில் ஐந்து வசனம் எழுதுவாள். ஒருவர் திருத்துவோம். பிழையைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை என்பது மட்டும் சட்டம். மீள்பரீட்சையில் சித்தியடைந்தாள். இன்று நோயாளர்கள் தேடி வரும் மருத்துவராக இருக்கிறாள்.

உயர்தரத்தில் பொது ஆங்கிலப் பாடத்தின் புள்ளி இசற் புள்ளிக்குச் சேராது என்பதால் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள். அனுமதிக்கும் முதல் விரிவுரைக்கும் இடையில் கிடைக்கும் மாதங்களை வீணாக்காதீர்கள். நாளுக்கு ஒரு ஆங்கிலப் பத்திரிகைச் செய்தியை வாசித்து, மூன்றிலொரு பங்காகச் சுருக்கி எழுதுங்கள். கைத்தொலைபேசி ஒரு நொடியில் மொழிபெயர்த்துத் தரும், செயற்கை நுண்ணறிவு சுருக்கியும் தரும். எழுதி முடித்த பின் ஒப்பிட்டுப் பார்க்க அவற்றைத் திறவுங்கள். முதலிலேயே திறந்தால், எதை விடுவது என்ற தீர்மானத்தை நீங்கள் எடுத்திருக்கமாட்டீர்கள். நாளைக்கு நோயாளியின் முன்னால் அந்தத் தீர்மானத்தை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

உள்ளகப் பயிற்சிக் காலத்தில் எங்களில் ஒருத்தி, வேறொரு வைத்தியசாலைக்கு அனுப்பும் நோயாளிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். எல்லாப் பரிசோதனை முடிவுகளும் இருந்தன. அவருக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்பது கடைசி வரிகளுக்குள் மறைந்து கிடந்தது. அனுப்புமுன் வாசித்த மூத்த மருத்துவர் அந்த வரியைத் தூக்கி முதல் வரியாக்கினார். சுருக்கம் என்பது புள்ளிக்குரிய விடயம் மட்டுமல்ல என்று அன்று விளங்கியது.

கடைசியாக ஒன்று. நீரிழிவு நோயாளர்களுக்குத் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதித் தரும்படி சில வருடங்களுக்கு முன் எங்களிடம் கேட்டார்கள். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதும் எங்களுக்கு, கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கும் அம்மாவுக்கு விளங்கும்படி தமிழில் பத்து வசனம் எழுத மூன்று நாள் எடுத்தது. வெட்கமாக இருந்தது. 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழைப் படித்து, தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் வெளியிட்டார். வேற்று நாட்டவருக்கு முடிந்தது எங்கள் கையை விட்டுப் போகக்கூடாது. ஆங்கிலத்துக்குள் போங்கள், தயங்காமல் போங்கள். படித்ததைத் தமிழில் சொல்லும் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டின் நினைவாக எங்கள் நால்வரின் பெயர்களையும் தொலைபேசி இலக்கங்களையும் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். மற்றத் துறைகளில் உள்ள அக்காமாரும் கொடுத்தால் நல்லது. முதலாண்டில் ஒரு பக்கம் விளங்காவிட்டால், தங்கைமாரே, பையைக் கட்டுமுன் எங்களுக்கு ஒரு அழைப்பு எடுங்கள்.