நூறு கோடி போஸ்டரும் நாற்பது ரூபாயும்



குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் இது. பாண்டிய நாட்டுக்கு அமைச்சரைக் கொடுத்த மணமேல்குடியில் நின்று வரவு செலவு பேசுவது பொருத்தம்தான். ஆனால் நான் பேச வந்தது அரசாங்க பட்ஜெட் இல்லை, சண்டைப் படத்து பட்ஜெட். தலைப்பைக் கேட்டதும் ஒரு ஐயா முகம் சுளித்தார். சினிமாப் பாட்டையும் வசனத்தையும் இத்தனை வருஷமாகப் பேசியாகிவிட்டது ஐயா, இன்றைக்கு ஒரு நாள் கல்லாப்பெட்டியைப் பேசிவிடுவோமே!

2019 தீபாவளிக்கு, அக்டோபர் 25ஆம் தேதி, இரண்டு படம் வந்தது. ஒன்று விஜய் நடித்த ‘பிகில்’. இன்னொன்று கார்த்தி நடித்த ‘கைதி’. லோகேஷ் கனகராஜுக்கு அது இரண்டாவது படம்தான். எஸ்.ஆர். பிரபுவின் ட்ரீம் வாரியர் பிக்சர்ஸ் தயாரித்தது. செலவு சுமார் 25 கோடி என்று சினிமா வட்டாரத்தில் பேசிக்கொண்டார்கள். நல்ல தியேட்டர்கள் பெரும்பாலும் ‘பிகில்’ பக்கம் போய்விட்டன, ‘கைதி’க்கு மிச்சம் மீதி. ஆனால் இரண்டாவது வாரம் ஸ்கிரீன் குறையவில்லை, கூடியது! கடைசியில் வசூல் 100 கோடியைத் தாண்டியது என்றார்கள்.

எப்படி முடிந்தது? கதாநாயகி இல்லை. பாட்டு இல்லை. ஆகவே வெளிநாட்டுப் படப்பிடிப்பு இல்லை, நூறு பேர் ஆடும் செட் இல்லை. கதை ஒரே ராத்திரியில் முடிகிறது, ஹீரோவுக்கு ஒரே சட்டை. ஒரு லாரி, ஒரு காட்டுப்பாதை, ஒரு போலீஸ் அலுவலகம். அந்த அலுவலகத்தை யார் காக்கிறார்கள்? ஜார்ஜ் மரியான் நடித்த வயதான கான்ஸ்டபிளும் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகளும். கதவுக்குக் குறுக்கே மேசை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் நிற்கும்போது தியேட்டரே எழுந்து கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குப் பெரிய சம்பளம் எதுவும் தேவைப்படவில்லை. ராத்திரி ஷூட்டிங் மலிவு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஜெனரேட்டர், லைட், பேட்டா எல்லாம் ஏறும். ஆனால் அந்தக் காசு திரையில் தெரியும். சம்பளத்திலும் வட்டியிலும் போகிற காசு திரையில் தெரியாது.

இப்போது அந்த 100 கோடிக்கு வருவோம். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகு கரை சேர்ந்தால் ஏலத்தொகை முழுவதையும் படகுக்காரர் மடியில் கட்டிக்கொண்டு போகிறாரா? டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்த பிறகுதானே பங்கு? படத்துக்கும் அப்படித்தான். நீங்கள் அறந்தாங்கியில் 100 ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கினீர்கள் என்று வையுங்கள். ‘கைதி’ வந்த காலத்தில் 100 ரூபாய் வரைக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதம், அதற்கு மேலே உள்ளாட்சி கேளிக்கை வரி 8 சதவீதம். இரண்டும் போனால் ஏறத்தாழ 83 ரூபாய். அதில் பாதிக்குச் சற்றே குறைவு தியேட்டருக்கு. மிச்சத்தில் விநியோகஸ்தர் கமிஷன். தயாரிப்பாளர் கைக்கு வருவது 40 ரூபாய் என்றால் அது நல்ல கணக்கு. போஸ்டர், விளம்பரம், டிஜிட்டலில் திரையிடுவதற்கான கட்டணம் எல்லாம் அந்த 40க்குள்தான். அந்த டிஜிட்டல் கட்டணத்தை எதிர்த்துத்தான் 2018 மார்ச்சில் தொடங்கி ஏறக்குறைய ஏழு வாரம் புதுப்படமே வராமல் ஸ்டிரைக் நடந்தது, ஞாபகம் இருக்கும்.

ஆக, 100 கோடி என்று போஸ்டர் ஒட்டினால் 40 கோடி என்று படியுங்கள். 25 கோடிப் படம் தியேட்டரில் மட்டும் அசலை எடுக்க 60 கோடிக்கு மேல் வசூலாக வேண்டும். இதனால்தான் சேட்டிலைட், ஓ.டி.டி., ரீமேக் உரிமை என்று ஓடுகிறார்கள். ‘கைதி’யை இந்தியில் அஜய் தேவ்கன் 2023இல் ‘போலா’ என்று எடுத்தார். கதைக்குத் தேவையில்லாத த்ரீடி எல்லாம் சேர்த்தார். செலவு பல மடங்கு, வசூல் நினைத்த அளவு வரவில்லை. சிக்கனமே அந்தக் கதையின் பலம் என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

அடுத்து, படமெடுக்க வாங்கும் கடனுக்கான வட்டி. நூற்றுக்கு இரண்டு வட்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள், 10 கோடிக்கு மாதம் 20 லட்சம். ஹீரோ கால்ஷீட் தள்ளிப்போய் ரிலீஸ் ஆறு மாதம் தாமதமானால் 1 கோடியே 20 லட்சம். ஒரு நல்ல சண்டைக்காட்சியே எடுத்துவிடலாம். ரிலீஸுக்கு முந்தின ராத்திரி பஞ்சாயத்து நடந்து, காலைக்காட்சி ரத்தாகி, நம் பிள்ளைகள் தியேட்டர் வாசலில் நின்றுவிட்டுத் திரும்புவது இந்த வட்டியால்தான்.

செலவைக் குறை என்கிறேன், எல்லாச் செலவையும் இல்லை. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் ‘வேட்டுவம்’ படப்பிடிப்பில், கார் சாகசம் செய்தபோது ஒரு அனுபவமுள்ள சண்டைக் கலைஞர் இறந்துபோனார். நமக்கு வடக்கே, இதே கடற்கரைதான். பட்ஜெட் தாளில் ஹீரோவின் கேரவனுக்கு ஒரு வரி இருக்கிறதே, சண்டைக்காரரின் இன்சூரன்ஸுக்கும் ஒத்திகைக்கும் அதற்கு மேலே ஒரு வரி இருக்க வேண்டும்.

இனி நம் ஊர்க் கணக்கு. நம் பகுதி சினிமாக்காரர் பாஷையில் டி.டி. ஏரியா, திருச்சி-தஞ்சாவூர். நம்மை மாதிரி ஊர்க்காரர்கள் முதல் நாளே பஸ் ஏறிப் போவதில்லை. நாலு பேர் நல்லா இருக்கு என்று சொன்னால் அடுத்த வாரம் போவோம். நடுத்தரப் படத்துக்குச் சோறு போடுவது அந்த அடுத்த வாரம்தான். இன்று சில வாரத்திலேயே படம் செல்போனுக்கு வந்துவிடுகிறது. மூன்று நாளில் கல்லா கட்டு என்றால் அதற்குப் பெரிய ஸ்டார் வேண்டும், பெரிய ஸ்டாருக்குப் பெரிய சம்பளம் வேண்டும்! டிக்கெட் வரியை 2025 செப்டம்பரில் 100 ரூபாய் வரைக்கும் 5 சதவீதமாகக் குறைத்திருக்கிறார்கள். நல்லது. அந்த ஏழு சதவீதம் தியேட்டர்காரர் கையிலா, உங்கள் கையிலா என்று டிக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், ‘கைதி’யின் வெற்றியே லோகேஷை நடுத்தர பட்ஜெட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு போய்விட்டது. ‘மாஸ்டர்’, ‘விக்ரம்’, ‘லியோ’, ‘கூலி’ என்று நாயகர்களின் உயரமும் செலவும் ஏறிக்கொண்டே போயின. அவர் காலி செய்த இடத்தில் யார் வந்து உட்காரப் போகிறார்கள்? பின்னால் பைக்கில் சாய்ந்தபடி கேட்கிற தம்பிகளில் இரண்டு பேர் குறும்படம் எடுப்பதாக அவைத்தலைவர் சொன்னார். தம்பி, கதையைப் பிறகு சொல்லலாம். முதலில் உங்கள் பட்ஜெட் தாளை எடுத்துக்கொண்டு மேடைக்கு வாருங்கள், பார்ப்போம்.