மெலிவதற்கு ஒரு சிகரெட்டா?



நூற்றாண்டு விழாவில் சிகரெட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், ஏற்பாட்டுக் குழுவிலிருந்த அக்கா ஒருவர், "எங்கடை பிள்ளையளுக்கு அது ஏன்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இலங்கையில் புகைக்கும் பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் எங்களில் பலருடைய மகள்மார் லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் வளர்கிறார்கள். லண்டனில் குடும்ப வைத்தியராக இருக்கும் என்னிடம் வரும் தமிழ்ப் பிள்ளைகளில் சிலர் புகைக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் "ஸ்ட்ரெஸ்" என்பார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் அடுத்த பதில் வரும்: "விட்டால் உடம்பு வைச்சிடும், டொக்டர்."

இந்த எண்ணம் தானாக முளைத்ததல்ல. 1928இல் அமெரிக்காவில் லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டை, இனிப்புக்குப் பதிலாக எடுக்க வேண்டிய ஒன்றாகப் பெண்களுக்கு விளம்பரம் செய்தார்கள். மிட்டாய் வியாபாரிகள் சண்டைக்கு வந்தார்கள். சிகரெட் விற்பனை ஏறியது. 1968இல் பெண்களுக்கென்றே வந்த சிகரெட்டின் பெயரே வேர்ஜீனியா ஸ்லிம்ஸ்.

அதில் பாதி உண்மை. நிக்கொட்டின் பசியை அடக்கும். உடல் சக்தியைச் செலவிடும் வேகத்தையும் சற்றுக் கூட்டும். புகைப்பதை விட்டவர்களுக்கு முதல் வருடத்தில் சராசரியாக 4 அல்லது 5 கிலோ கூடுகிறது. சிலருக்குக் கூடுவதேயில்லை, சிலருக்கு 10 கிலோவும் கூடும். இதை நான் மறைப்பதில்லை. மறைத்தால் அந்தப் பிள்ளை அடுத்த தடவை என்னிடம் வராது.

மற்றப் பாதியை விளம்பரம் சொல்லவில்லை. தராசில் எடை குறைவாக இருந்தாலும், புகைப்பவருக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேருகிறது. புகைப்பவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 30 முதல் 40 வீதம் அதிகம். மெல்லிய உடம்பிலேயே நீரிழிவு வந்துவிடும் எங்கள் இனத்துக்கு இது சின்ன விடயமல்ல. பருமனும் புகையும் சேர்ந்தால் என்ன நடக்கும்? அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் ஆய்வின்படி, மிகையான பருமனுள்ள, புகைக்காத 40 வயதுப் பெண் ஏறக்குறைய 7 வருட ஆயுளை இழக்கிறாள். அதே பருமனோடு புகைப்பவள் இழப்பது 13 வருடங்களுக்கும் மேல். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னொன்று: 35 வயதைத் தாண்டிப் புகைப்பவருக்கு ஈஸ்ட்ரஜன் கலந்த மாத்திரையை நாங்கள் எழுதத் தயங்குவோம். குருதி கட்டியாகும் பயம். பருமனும் அந்தப் பயத்தைக் கூட்டுகிறது.

விளம்பரக்காரரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. உடல் எடையை நினைத்துக் கவலைப்படும் பிள்ளைகள் புகைக்கத் தொடங்கும் சாத்தியம் கூட. அந்தக் கவலையை ஊட்டுவது யார்? சாமத்திய வீட்டுக்குப் போனால் 15 வயதுப் பிள்ளையைப் பார்த்து, "என்ன பிள்ளை, நல்லா உடம்பு வைச்சிட்டாய்" என்று ஒரு மாமி சொல்வார். அதே மாமிதான் அவளுடைய தட்டில் இரண்டாவது ரோல்ஸையும் வைப்பார். பிள்ளை சிரித்துவிட்டுப் போகும், ஆனால் மறக்காது. எனக்கும் மறக்கவில்லை. வலைப்பந்தில் என்னைக் கோல் கீப்பராக நிறுத்தியதற்கு உயரம் காரணமல்ல என்பது இங்கிருக்கும் என் வகுப்புத் தோழிகளுக்குத் தெரியும்.

இப்போது சிகரெட்டின் இடத்துக்குப் பழவாசனையுடன் மின்சிகரெட் வந்திருக்கிறது. புகைப்பதை விட விரும்பும் பெரியவர்களுக்கு அது உதவலாம். புகைக்காத பிள்ளைக்கு அது நிக்கொட்டினைப் பழக்கும் வழி, அவ்வளவுதான்.

மகளின் பையில் ஒரு பெட்டியைக் கண்டால் என்ன செய்வது என்று தாய்மார் கேட்கிறார்கள். அன்றிரவே நீதிமன்றம் கூட்டாதீர்கள். எப்போது, எதற்காகப் புகைக்கிறாய் என்று கேளுங்கள். எடைக்காக என்றால், முதலில் புகையை விடட்டும். எடையைப் பிறகு பார்க்கலாம். இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்கிப் பட்டினி கிடந்தால், பசி அவளைத் திரும்பவும் சிகரெட்டுக்கே கொண்டுபோகும். நிக்கொட்டின் பட்டையோ சுவிங்கமோ எடை கூடுவதைச் சில மாதங்களுக்குத் தள்ளிப்போடும். பின்னேரங்களில் அவளோடு சேர்ந்து நீங்களும் நடக்கலாம். குடும்ப வைத்தியரிடம் அவளைத் தனியே போக விடுங்கள். அவள் எங்களிடம் சொல்வதை, எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவராக இருந்தாலும், நாங்கள் உங்களுக்குச் சொல்லமாட்டோம்.