யவனர் தேறலும் தமிழர் நாவும்



கரிவலம்வந்தநல்லூர் என்றதும் தமிழ் கற்றோர் நெஞ்சில் இருவேறு நினைவுகள் எழும். ஒன்று, அதிவீரராம பாண்டியர் பெயரால் வழங்கும் திருக்கருவை அந்தாதிகளின் இனிமை. மற்றொன்று, ஏடு தேடி இவ்வூர்க்கு வந்த உ.வே. சாமிநாதையர் கேட்ட செய்தி. பாண்டியர் ஒருவர் தொகுத்து வைத்திருந்த சுவடிகள் கோயிலில் இருந்தன என்றும், சிதைந்துபோன அவற்றை நெய்யில் தோய்த்துத் தீயில் ஆகுதி செய்துவிட்டனர் என்றும் அவர்க்குச் சொல்லப்பட்டது. அத்தீயில் எந்நூல்கள் போயின என்று சொல்வாரில்லை. பிற ஊர்களில் கிடைத்த ஏடுகளைக்கொண்டு அவர் 1889இல் பத்துப்பாட்டையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். அவையும் எரிந்திருந்தால், யவனர் கொணர்ந்த திராட்சைத் தேறலைப் பாண்டிய மன்னன் ஒருவன் பொற்கிண்ணத்தில் அருந்தினான் என்பதைத் தமிழ்வழி அறியும் வாய்ப்பே இருந்திராது.

அம்மன்னன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன். பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். பாடல், புறநானூற்றின் ஐம்பத்தாறாவது. சிவன், பலராமன், திருமால், முருகன் ஆகிய நால்வரோடும் மன்னனை ஒப்பிட்ட புலவர், பாடலின் பிற்பகுதியில் அவனுடைய அன்றாட இன்பத்திற்கு வருகிறார். வகுப்பறைகளில் முற்பகுதி விரிவாக விளக்கப்பெறுவதும், தேறல் வரும் பகுதி விரைந்து கடக்கப்பெறுவதும் வழக்கமாகிவிட்டது. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரை ஓதும் நாவிற்கு அவ்விடத்தில் சற்றே கூச்சம். அறநூலுக்கு அஞ்சிப் பாட்டைச் சுருக்குவது இருவர்க்கும் செய்யும் அநீதியாகும்.

அப்பாடலில் 'கலம்' என்னும் சொல் வருகிறது. யவனர் தேறலைத் தந்தது நல்ல கலத்தில். கலம் என்பது மரக்கலமும் ஆகும், மட்கலமும் ஆகும். கப்பலில் வந்த தேறலா, சாடியில் வந்த தேறலா? உரைகள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். மண்ணோ இரண்டுக்கும் சான்று தருகிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இரு கைப்பிடியும் கூர்ந்த அடியும் கொண்ட ஆம்போரா என்னும் சாடிகளின் உடைசில்லுகள் வெளிப்பட்டன. வைகை கடலோடு கலக்குமிடத்து அழகன்குளத்திலும் அத்தகைய சில்லுகள் கிடைத்தன. சேரநாட்டு முசிறிப் பகுதியில், பட்டணம் என்னும் ஊரில் 2007இல் தொடங்கிய அகழாய்வு அவற்றை ஆயிரக்கணக்கில் தந்தது. கூர்அடிச் சாடி தரையில் நில்லாது. அது மணலிற் புதைத்து நிறுத்துவதற்கும், கப்பலின் வயிற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகுவதற்கும் ஆக்கப்பட்டது. உட்புறத்தே பிசின் பூசியிருப்பர்; தேறல் கசியாது. கப்பலுக்கென்றே பிறந்த சாடியாதலின் 'கலம்' என்னும் ஒரு சொல் இரு பொருளையும் ஒருங்கே சுமப்பதில் முரண் ஏதும் இல்லை.

இனி, சாடிக்குள் இருந்தது எத்தகைய தேறல் என்பது. அரிக்கமேட்டுச் சில்லுகளை ஆராய்ந்த எலிசபெத் வில் என்னும் அமெரிக்க அறிஞர், அவற்றுள் பெரும்பங்கு கிரேக்கத் தீவாகிய காஸின் சாடிகளும் அவற்றைப் பார்த்துச் செய்த சாடிகளும் என்று கண்டார். இரட்டைக் கம்பிபோல் அமைந்த கைப்பிடி அவற்றின் அடையாளம். காஸ் தேறலில் கடல்நீர் கலப்பர். உரோமானியரான கேட்டோ அதன் செய்முறையை எழுதியே வைத்துள்ளார். உப்புநீர் கலந்தால் நெடுந்தொலைவுப் பயணத்திலும் கெடாது என்பது வணிகர் கணக்கு. விலையும் குறைவு. ஆகவே நம் கடற்கரை மாந்தர் பெரிதும் சுவைத்தது உப்புச் சுவை தோய்ந்த மலிவான தேறலே என்று கொள்ள இடமுண்டு. மன்னனுக்கும் அதுவேதானா என்று நகைப்பார் நகைக்கலாம். ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த பெரிப்ளூஸ் என்னும் வணிகர் கையேடு, பாருகச்சத்து அரசனுக்கென்று தனியே உயர்ந்த தேறல் கொண்டுசெல்லப்பட்டதைக் குறிக்கிறது. நன்மாறனுக்கும் அவ்வாறு வந்திருத்தல் கூடும்.

அக்கையேட்டை எழுதியவர் பெயர் தெரியவில்லை. ஆயினும் வணிகனின் நா அவரிடம் இருந்தது. பாருகச்சத்தில் இத்தாலிய நாட்டுத் தேறலுக்கே முதலிடம் என்கிறார். அடுத்து லவோதிக்கேயாவினதும் அரேபியாவினதும் செல்லும் என்கிறார். முசிறித் துறைக்குத் தேறல் கொண்டுசெல்லலாம், ஆனால் மிகுதியாக அன்று என எச்சரிக்கிறார். எங்கே எது விலைபோகும் என்பதை ஊர்ஊராகக் கண்டறிந்தவர் சொல்லும் சொல் அது. செங்கடற்கரையில் பெரெனிகே என்னும் துறையில் கிடைத்த ஓட்டுச்சில்லு எழுத்துகளும் இதற்குத் துணைநிற்கின்றன. சுங்கம் கடந்து கப்பலேறிய சரக்குகளுக்கான அச்சீட்டுகளில் மிகுதியாகப் பேசப்படுவது தேறலே. லவோதிக்கேயா என்பது சிரியாவின் கடற்கரை நகர். அதன் பின்னுள்ள மலை ஏறத்தாழ உச்சிவரை திராட்சைக் கொடியால் மூடப்பட்டிருந்தது என்றும், அங்கு விளைந்த தேறலின் பெரும்பகுதி அலெக்சாந்திரியாவுக்குச் சென்றது என்றும் ஸ்திராபோ எழுதுகிறார். மலைச்சரிவிற் பழுத்த பழம் நைல் ஆற்றில் மிதந்து, ஒட்டகத்தின் முதுகேறிப் பாலை கடந்து, பருவக்காற்றைப் பிடித்து நம் துறை சேர்ந்தது. அரேபியக் கரையின் ஒக்கேலிஸிலிருந்து முசிறிக்கு நாற்பது நாள் என்று பிளினி கணக்கிடுகிறார்.

தேறல்களைத் தரம்பிரித்துச் சொல்வதில் பிளினிக்கு நிகரில்லை. தம் இயற்கை வரலாற்றின் பதினான்காம் நூலைக் கொடிக்கும் தேறலுக்குமே ஒதுக்கினார். பலேர்னியத் தேறலில் கடுமையானது, இனியது, மெல்லியது என மூவகை கண்டார். கி.மு. 121ஆம் ஆண்டின் புகழ்பெற்ற விளைச்சல், இருநூறு ஆண்டுக்குப்பின் தம் காலத்தில் கசப்பேறிய தேன்போல் இறுகிக் கிடந்ததென்கிறார். கி.பி. 79இல் வெசுவியஸ் மலை வெடித்தபோது அவரும் மாண்டார். பொம்பெயின் திராட்சைத் தோட்டங்களும் சாம்பலில் மூழ்கின.

இவ்வாறு நுட்பமாய்ச் சுவைத்துச் சொன்னோர் மேலை நாட்டாரே என்று எண்ணுதல் பிழை. தமிழ்ச் சொற்களைச் சற்றே நோக்குக. தேறு என்னும் வினையடியாகப் பிறந்தது தேறல். கசடு நீங்கித் தெளிந்தது என்பது பொருள். அரித்தெடுத்தது அரியல்; பிழிந்தது பிழி. வீட்டில் அரிசிகொண்டு ஆக்கியது தோப்பி. நறவு, மட்டு, வேரி எனப் பட்டியல் நீளும். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு செய்முறையையே தந்துவிடுகிறார். குற்றாத அரிசியைக் களியாகக் கிண்டி, வாயகன்ற தட்டில் ஆற்றி, கறையான் புற்றின் உட்கூட்டைப் போன்ற அடையை அதிற் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் பச்சைவாடை நீங்க முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழிவர். இதனைச் சமைத்துப் பார்த்தவரோ, அருகிருந்து பார்த்தவரோ அன்றி எவரும் எழுதியிருத்தல் இயலாது.

முதிரவைக்கும் கலையும் அவர்க்குத் தெரிந்திருந்தது. குறிஞ்சி நிலத்தார் தேனால் ஆன கள்ளை நெடிய மூங்கிற் குழாயில் அடைத்து வைத்தனர். பாரியின் நாட்டில் மட்டினை நிலத்திற் புதைத்து முதிர்வித்ததைக் கபிலர் பாடுகிறார். பலநாள் முதிர்ந்த தேறலின் வேகத்துக்குத் தேள் கொட்டும் கடுப்பை உவமை சொல்கிறார் ஔவையார். பாம்பின் சினத்தை உவமை சொல்கிறது சிறுபாணாற்றுப்படை. பிளினியின் மூவகையைக் காட்டிலும் இவ்விரண்டு உவமைகள் நாவுக்கு அண்மையன. பிளினி வகை செய்தார்; நம்மவர் உடம்பில் நிகழ்ந்ததைச் சொன்னார்கள்.

விற்றவர்களையும் நம் புலவர் மறக்கவில்லை. பட்டினப்பாலையில் நறவு விற்கும் இடத்தில் கொடி பறக்கிறது. அகநானூற்றில் அரியல் விற்கும் பெண்டிர் இடுப்பில் பானையோடு வருகின்றனர். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் கள் விற்பவள் மறவனுக்குத் தர மறுக்கிறாள். பொறாத மறவன் வில்லை ஏந்தி ஆநிரை கவரப் புறப்படுகிறான். ஒரு போர் தொடங்குவது கடைவாயிலில்! யவன வணிகன் கையேட்டில் இல்லாத செய்தி இது.

ஓர் எச்சரிக்கையும் ஈண்டு வேண்டும். ஆம்போரா என்று முன்னர்க் கருதிய சில்லுகளுள் பல, மெசொப்பொத்தாமியப் பகுதியின் கைப்பிடியில்லாத, உட்புறம் கீல் பூசிய சாடிகள் என்று ராபர்ட்டா டாம்பர் 2008இல் வெளியிட்ட நூலில் காட்டினார். ஆகவே கண்ட சில்லையெல்லாம் உரோமாபுரிக்கு உரியதாக்குவது கூடாது. நம் பெருமையைக் கூட்ட அவசரப்பட்டு எழுதிய கட்டுரைகள் பல இதனால் திருத்தம் வேண்டி நிற்கின்றன.

இப்பகுதி பனையின் நாடு. ஆண்பனையை அலகுப்பனை என்றும், பெண்பனையைப் பருவப்பனை என்றும் பிரித்துச் சொல்வது இம்மாவட்டங்களின் வழக்கு. பாளையைச் சீவிக் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிடின் கள். ஒரு விரல் சுண்ணாம்பில் இருபெயர் பிரிகின்றன. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குதல் தடையாகியுள்ளது. 1983இல் தோன்றிய தமிழ்நாடு மாநில வாணிபக் கழகமோ 2003 நவம்பர் முதல் மதுவைத் தானே சில்லறையில் விற்கிறது. சட்டத்தின் நியாயம் சட்டமன்றத்தார்க்கு உரியது. மொழியின் கணக்கு வேறு. ஆலையிலிருந்து வரும் புட்டிக்குத் தமிழில் ஒரு சுவைச்சொல்லும் பிறக்கவில்லை. 'சரக்கு' என்னும் ஒரு பொதுச்சொல்லே எல்லாவற்றுக்கும். அரியல், பிழி, தேறல், தோப்பி எனப் பகுத்தறிந்த நாவு அது.

கொடிமுந்திரி என்று தமிழர் பெயரிட்ட திராட்சையும் இன்று அயற்பொருள் அன்று. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் மணத்தை வியந்து பேசுவோர் பலர். அம்மணத்திற்குப் பன்னீர் என்னும் பெயரைத் தவிர வேறு சொல் இன்னும் கிட்டவில்லை. இவ்விலக்கிய வட்டத்தின் கவிஞர்களுள் எவரேனும் ஒருவர், கம்பத்திலிருந்து வரும் பழக்கூடை ஒன்றைத் திறந்து அமர்ந்தால் நன்று.