இலவச டிக்கெட்டின் விலை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'சினிமாவும் இளைஞர்களும்' என்ற தலைப்பில் பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பழைய மாணவன் கையில் மைக் கிடைத்தால் என்ன ஆகும் என்று நம் செயலாளருக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு. "தாத்தா, ஒரு படம் வந்திருக்கு. நாலு பசங்க கொள்ளை, கொலைன்னு போற கதை. போலாமா?" என்றான் பேரன். என் மனைவி உடனே, "ஏங்க, இவ்வளவு காசைக் கொடுத்து, எவனோ எவனையோ வெட்டுறதையா பார்க்கணும்?" என்றாள். நியாயமான கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று காசு, இன்னொன்று வெட்டு. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

முதலில் காசு. 2006-ல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு கொடுத்தார்கள். 2011-ல் அதற்கு 'யு' சான்றிதழும் வேண்டும் என்று நிபந்தனை சேர்த்தார்கள். அந்த விலக்கால் கவுண்டரில் நான் கொடுத்த காசு குறைந்ததாக எனக்கு நினைவில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவீதம். அதே ஆண்டு அக்டோபரில் மல்டிப்ளெக்ஸ் டிக்கெட்டின் உச்சவரம்பு 120-லிருந்து 150 ரூபாய் ஆனது. 2019 ஜனவரியில் வரியை 18 சதவீதமாகக் குறைத்தார்கள். அந்த 150 ரூபாய்க் கணக்கையே வைத்துக்கொண்டாலும் நாலு பேருக்கு 600 ரூபாய். ஜி.எஸ்.டி. சேர்த்தால் 708. உள்ளாட்சியின் கேளிக்கை வரி தனி. முன்பதிவுக் கட்டணம், வண்டி நிறுத்த, பாப்கார்ன் எல்லாம் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஒரு கூலித் தொழிலாளி வீட்டில் இது எத்தனை நாள் சாப்பாடு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இனி வெட்டு. அதற்கு 1980-க்குப் போகணும். நாங்கள் பி.காம். இரண்டாம் ஆண்டு. அப்போது மதுரையில் தங்கம் தியேட்டர் இருந்தது. 1952-ல் 'பராசக்தி'யோடு திறந்த தியேட்டர். இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம். இன்று அது இடிபட்டுப் போய்விட்டது. தரை, பெஞ்சு, சேர் என்று அன்று தியேட்டர்களில் தனித்தனி வகுப்பு உண்டு. ஆனால் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் ஒரே படத்தைத்தான் பார்த்தோம்.

எங்கள் வகுப்பில் ஒரு நண்பன். பெயர் சொல்லமாட்டேன். தரை டிக்கெட்டுக்குக்கூட அவனிடம் காசு இருக்காது. நாங்கள் சில்லறை சேர்த்து அழைத்துப் போவோம். கொஞ்ச நாளில் அவன் எங்களை எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டான். அவன் தெருவில் ஒரு 'அண்ணன்' இருந்தார். முதல் நாள், முதல் காட்சி, சேர் டிக்கெட், இடைவேளையில் சோடா எல்லாம் அவர் செலவு. எங்களுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

முதலில் போஸ்டர் ஒட்டச் சொன்னார். பிறகு கூட்டத்துக்கு ஆள் சேர்க்கச் சொன்னார். ஒருநாள் ராத்திரி, "சும்மா கூட வந்து நில்லுடா, போதும்" என்றார். போய் நின்றான். அங்கே ஒருவருக்கு மண்டை உடைந்தது. வழக்கில் இவன் பெயர் இருந்தது, அண்ணன் பெயர் இல்லை. இறுதியாண்டுப் பரீட்சையை அவன் எழுதவே இல்லை. கோர்ட்டுக்கு அவனுடைய அம்மா மட்டும்தான் போய் வந்தார்கள்.

2008-ல் 'சுப்ரமணியபுரம்' வந்தது. சசிகுமார் இயக்கி, தயாரித்து, நடித்த படம். கதை நடப்பது அதே 1980, அதே மதுரை. வேலையில்லாமல் சுற்றும் பையன்கள். அடிதடி செய்து போலீஸில் மாட்டினால், முன்னாள் கவுன்சிலர் வீட்டார் வெளியே எடுத்துவிடுகிறார்கள். அந்த நன்றிக்கடனுக்காகப் பையன்கள் ஒரு கொலை செய்கிறார்கள். ஜெயிலுக்குப் போனதும் அந்த வீட்டார் கைகழுவிவிடுகிறார்கள். ஜெயிலில் பழகி ஜாமீனில் எடுத்துவிடும் மனிதரும் பதிலுக்கு இன்னொரு கொலையைத்தான் கேட்கிறார். இலவசமாகக் கிடைத்த ஒவ்வொரு உதவிக்கும் பின்னால் ஒரு பில் வருகிறது. படத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் பார்த்த காட்சியில் எனக்குப் பின்வரிசையில் சில பையன்கள். முதல் கத்திக்குத்துக்கு விசில் அடித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கடைசி அரைமணி நேரம் அந்த வரிசையிலிருந்து சத்தமே இல்லை. நண்பனே நண்பனைக் காட்டிக்கொடுத்த இடத்தில் ஒருத்தன் மட்டும் மெதுவாக, "இவ்வளவுதானாடா?" என்றான். அந்த ஒரு கேள்விக்காகவே இப்படிப்பட்ட படங்கள் வரலாம் என்பேன்.

அதற்காக எல்லாக் குற்றப் படங்களுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. மாணவர்களே, நீங்கள் மூன்றே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அரிவாளை அந்தப் பையன் கையில் கொடுத்தது யார்? அதனால் லாபம் யாருக்கு? விலை கொடுத்தது யார்? இந்த மூன்றையும் காட்டுகிற படத்துக்கு 150 ரூபாய் கொடுக்கலாம். அரிவாளுக்குப் பின்னணி இசை போட்டு, ஹீரோவை மெதுவாக நடக்கவிடுவதோடு நின்றுவிடுகிற படம் ஓசியில் கிடைத்தாலும் நஷ்டம்தான்.

ஆனால் எனக்கு ஒரு கவலை உண்டு. இப்படிப்பட்ட கதை எந்தப் பையன்களைப் பற்றியதோ, அவர்களால் அந்த டிக்கெட்டை இன்று வாங்க முடிகிறதா? முடியாதவன் என்ன செய்கிறான்? செல்போனில் துண்டு துண்டாகப் பார்க்கிறான். அந்தத் துண்டுகளில் வெட்டு வரும், பாட்டு வரும், பஞ்ச் டயலாக் வரும். கடைசி அரைமணி நேரம் வராது. அவன் விசிலோடு நின்றுவிடுகிறான். "இவ்வளவுதானாடா?" என்று கேட்கும் இடத்துக்கு அவன் வந்து சேர்வதே இல்லை. முழுப் படத்தையும் ஏ.சி.யில் உட்கார்ந்து பார்ப்பது நம்மைப் போன்றவர்கள். நமக்கு அது இரண்டரை மணி நேரப் பொழுதுபோக்கு. டிக்கெட் விலை உயர்ந்ததில் நான் காணும் பெரிய நஷ்டம் இதுதான்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நல்ல படத்துக்கு முப்பது, நாற்பது டிக்கெட் வாங்குவோம். நம் மாணவர்களோடு விடுதிச் சமையலறையில் வேலை செய்யும் தம்பிகளையும், வாசலில் டீ விற்கும் தம்பியையும் சேர்த்தே அழைத்துப் போவோம். "நீங்களும் இலவச டிக்கெட்தானே தர்றீங்க, அண்ணனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. நாம் பதிலுக்குக் கேட்கப் போவது ஒன்றுதான். படம் முடிந்ததும் அரைமணி நேரம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசணும். அவ்வளவுதான், வேறு பில் கிடையாது.

அந்த நண்பன் இதே ஊரில்தான் இருக்கிறான். இந்த விழா அழைப்பிதழை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "நான் டிகிரி முடிக்கலையேடா, எனக்கெதுக்கு இது?" என்றான். அவன் கதையைப் பேசப்போவதாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பேர் சொல்லாம சொல்லு. பசங்களுக்குத் தெரியட்டும்" என்றான்.

சொல்லிவிட்டேன். செயலாளர் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டுகிறார். அடுத்த சந்திப்புக்கு அவனையும் அழைத்து வருவேன் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.