தேயும் வளையம்



எங்கள் பட்டறையில் ஓர் எண்ணெயழுத்தப் பிரஸ்ஸுக்கு மும்முறை சீல் மாற்றினோம், கசிவு நிற்கவில்லை. அதன் காரணத்தைச் சொல்வதற்கு முன், சீலின் வரலாற்றைச் சிறிது கூறுகின்றேன்.

1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா நீரழுத்தப் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். அழுத்தம் ஏறியபோது தண்டின் ஓரமாய் நீர் கசிந்தது. இறுக்கி அடைத்தாலோ தண்டு அசைய மறுத்தது. அவரிடம் பணிபுரிந்த இளைஞர் ஹென்றி மாட்ஸ்லே வழி கண்டார் என்பர். தோலைக் கிண்ண வடிவில் வளைத்து, அதன் வாய் நீரை நோக்குமாறு பொருத்தினார். நீரின் அழுத்தமே விளிம்பை விரித்து இறுக்கிற்று. அழுத்தம் தணிந்ததும் பிடி தளர்ந்தது. கசிய வந்த நீரே காவலாயிற்று!

இன்று தோலுக்குப் பதில் செயற்கை ரப்பரும் பாலியூரித்தேனும் வந்துள்ளன, தத்துவம் அதுவே. ஆயினும் சீலுக்குத் துணை ஒன்று வேண்டும். அதுவே வேர் ரிங் எனப்படும் தேய்வளையம். எண்ணெயைத் தடுப்பது அதன் வேலையன்று. பக்கச் சுமையைத் தான் ஏற்று, பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரை உரசாமல் நடுவில் நிறுத்துவதே அதன் கடமை. அது தேய்ந்துவிட்டால் பிஸ்டன் சாயும். புதிய சீலும் ஒருபுறம் நசுங்கும்.

எங்கள் பிரஸ்ஸில் நேர்ந்ததும் இதுதான். தேய்வளையத்தை மாற்றினோம், கசிவு நின்றது. பழி சீலின் மேல், குறையோ துணையிடம். இல்லத்திலும் சங்கத்திலும் ஓசையின்றித் தேய்பவரை நாம் உரிய காலத்தில் கவனிப்போமாக!