புழுதிக் களத்துக்கு ஒரு கேமரா

தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு கபடி. பொங்கல் வந்துவிட்டால் ஊருக்கு ஊர் விடிய விடிய ஆட்டம்தான். மைக்கில் வீரரின் பெயரைச் சொன்னதுமே விசில் பறக்கிறது. பாடிப் போனவரை நான்கு பேர் சேர்ந்து அமுக்க, அவர் புழுதியில் உடம்பை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி விரலை நீட்டுகிறார். தொட்டாரா இல்லையா என்று நடுவர் குனிந்து பார்க்கும்வரை கூட்டம் மூச்சுவிடுவதில்லை.

அதே நேரம் வீட்டுத் தொலைக்காட்சியில் நெடுந்தொடர், இல்லையென்றால் பாட்டுப்போட்டி.

‘உள்ளூர் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்?’ என்ற கேள்விக்கு 2014-லேயே பதில் கிடைத்துவிட்டது. 1990 முதல் 2010 வரை ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்திய ஆண்கள் அணி தொடர்ந்து 6 தங்கம் வென்றது. அப்போதெல்லாம் வீரர்களின் முகம்கூடப் பலருக்குத் தெரியாது. 2014-ல் புரோ கபடி லீக் தொடங்கி, மாலை நேரத்தில் நேரலையாக வந்ததும் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். ஆட்டம் அதே ஆட்டம்தான். நல்ல நேரமும் நல்ல கேமராவும் புதிதாகக் கிடைத்தன.

முக்கியப் போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் சேனல்கள் அரசு ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என 2007-லிருந்து சட்டம் இருக்கிறது. ஆனால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த போட்டிகளுக்கு மட்டும். மாவட்ட அளவில் ஆடும் பெண்கள் அணிக்கு அதனால் பயனில்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம், அதுவும் ஞாயிறு மாலையில், தமிழ்ச் சேனல்கள் அவர்களுக்குத் தாராளமாகத் தரலாம்.