போடிமெட்டு ஏற ஒரு பழைய எஸ்யூவி: பேஸ் மாடலா, டாப் எண்டா?

(ஒலி வடிவத்தில் இருந்து திருத்தி எழுதியது)

செகண்ட் ஹேண்ட்ல பெரிய வண்டி வாங்குறத பத்தி நிறைய பேர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தீங்க. கிட்டத்தட்ட எல்லார் கேள்வியும் ஒண்ணுதான். ஒரே மாடல், ஒரே வருஷம், ஓடின கிலோமீட்டரும் ஏறக்குறைய ஒண்ணு. ஆனா ஒரு வண்டி பேஸ் மாடல், இன்னொண்ணு டாப் எண்டு. நடுவுல ஒரு லட்சமோ ஒன்றரை லட்சமோ வித்தியாசம். அந்தக் காச குடுக்கலாமா, வேண்டாமா?

பொதுவா பதில் சொன்னா யாருக்கும் உதவாது. அதனால ஒரு வண்டி, ஒரு ரோடு, ஒரு ஆள் வெச்சு பேசுறேன். வண்டி மஹிந்திரா எக்ஸ்யூவி 500. ரோடு போடியில இருந்து போடிமெட்டு வழியா பூப்பாறை. ஆள் எங்க மாமா.

மாமாவுக்கு பூப்பாறை பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கு. வீடு போடியில. வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ மேல போகணும். லீவு நாள்ல அத்தை, பிள்ளைங்க, அம்மாச்சின்னு வீடே கிளம்பும். போடி தெரியாதவங்களுக்கு: முந்தல் தாண்டினா மலை ஆரம்பிக்கும். தேசிய நெடுஞ்சாலை 85. 17 கொண்டை ஊசி வளைவு. மேல போடிமெட்டு 4,000 அடிக்கு மேல இருக்கு, அங்க கேரளா ஆரம்பம். காலையில தோட்ட வேலைக்கு ஆள் ஏத்திட்டு ஜீப்புங்க வரிசையா ஏறும், சாயங்காலம் அதே வரிசை இறங்கும். காய் எடுக்குற சீசன் பெரும்பாலும் மழையும் மூடுபனியும் இருக்குற மாசங்கள்லதான் வருது. ஏறுறது பெரிய விஷயம் இல்ல, இன்னைக்கு இருக்குற எந்த டர்போ டீசலும் ஏறிடும். மழைக்கு அப்புறம் ஏழு பேர ஏத்திக்கிட்டு இறங்குறதுதான் விஷயம்.

மாமா ரெண்டு வண்டி பாத்து வெச்சிருந்தார். ரெண்டுமே 2019. ஒண்ணு டபிள்யூ 5, இன்னொண்ணு டபிள்யூ 11. அந்த வண்டில 2018 ஃபேஸ்லிஃப்டுக்கு அப்புறம் வந்த வரிசை டபிள்யூ 5, 7, 9, 11. என்ஜின் நாலுலயும் அதே 2.2 லிட்டர் டீசல், 155 குதிரைத்திறன். புரோக்கர் சொன்ன விலையில 1,40,000 ரூபாய் வித்தியாசம்.

மாமா சொன்னது இதுதான்: "மாப்ள, என்ஜின் ஒண்ணு, பாடி ஒண்ணு. பெரிய ஸ்க்ரீன் தேனியில மாட்டிக்கலாம். லெதர் சீட்டு, அலாய் வீலு, ரிவர்ஸ் கேமரா எல்லாம் சேத்து அம்பதாயிரத்துல முடிச்சிரலாம். மிச்சம் தொண்ணூறு கைல நிக்கும்ல?"

இந்தக் கணக்குல ஒரு தப்பும் இல்ல. மாமா சொன்ன லிஸ்ட்ல இருக்குறது அத்தனையும் வெளிய மாட்டக்கூடியதுதான், அதுல சிலது கம்பெனி குடுத்தத விட நல்லாவே இருக்கும். அஞ்சு வருஷம் பழைய கம்பெனி டச் ஸ்க்ரீன இன்னைக்கு நீங்க தொட்டுப் பாத்தா புரியும்.

பிரச்சனை அந்த லிஸ்ட்ல இல்லாததுதான். டபிள்யூ 5-ல ஏர்பேக் ரெண்டு. டபிள்யூ 11-ல ஆறு, கூட இஎஸ்பி. ஷோரூம்ல வண்டிய சுத்தி வந்து பாத்தா இது ரெண்டும் கண்ணுக்கே தெரியாது. அதனாலதான் பழைய வண்டி மார்க்கெட்ல சன்ரூஃபுக்கு விலை பேசுறாங்க, இஎஸ்பிக்கு யாரும் பேசுறதில்ல.

இஎஸ்பின்னா என்னன்னு ஒரு நிமிஷம். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்குன்னு ஒரு சென்சார் பாக்கும். வண்டி நிஜமா எவ்வளவு திரும்புதுன்னு இன்னொரு சென்சார் பாக்கும். நாலு சக்கரமும் எந்த வேகத்துல சுத்துதுன்னும் தெரியும். நீங்க கேட்டதும் வண்டி செய்யுறதும் ஒத்துப் போகலைன்னா, அது ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். இறக்கத்துல வளைவுக்குள்ள கொஞ்சம் வேகமா போயிட்டீங்க, ரோடு ஈரம், ஸ்டியரிங் ஒடிச்சும் மூக்கு நேரா பள்ளத்துப் பக்கமே போகுதுன்னு வைங்க. அப்ப உள்பக்க பின் சக்கரத்த மட்டும் பிடிச்சு வண்டிய வளைவுக்குள்ள இழுக்கும். உங்க கால்ல இருக்குறது ஒரே பிரேக் பெடல். தனித்தனியா ஒரு சக்கரத்துக்கு பிரேக் போட எவ்வளவு கைதேர்ந்த டிரைவராலயும் முடியாது.

அத பின்னாடி மாட்ட முடியாதான்னா, முடியாது. நான் சாஃப்ட்வேர் ஆளு, என் பாஷையில சொல்றேன். சில ஃபீச்சர் வெறும் கான்ஃபிக், ஆன் பண்ணா வந்துரும். சிலது ஹார்ட்வேர். இஎஸ்பிக்கு பிரேக் ஹைட்ராலிக் யூனிட்டே வேற, வயரிங் வேற, அந்த வண்டியோட எடைக்கும் டயருக்கும் ஏத்த மாதிரி டெஸ்ட் ட்ராக்ல ட்யூன் பண்ணின ப்ரோக்ராம் வேற. ஏர்பேக்கும் அப்படித்தான்: சீட்டு, கூரை ஓரம், மோதல் சென்சார், கன்ட்ரோல் யூனிட் எல்லாம் சேந்தது. எந்தப் பட்டறையிலயும் அது கிடைக்காது.

இந்த வித்தியாசம் அந்த வண்டில முதல் நாள்ல இருந்தே இருக்கு. 2011-ல எக்ஸ்யூவி 500 வந்தப்ப டபிள்யூ 6, டபிள்யூ 8 ரெண்டுதான். 6-ல ரெண்டு ஏர்பேக். 8-ல ஆறும் இஎஸ்பியும். ஆனா நடுவுல இருக்குற ட்ரிம்கள்ல எது எதுல என்ன இருக்குங்கறது வருஷத்துக்கு வருஷம் மாறும். பேர் அதேதான் இருக்கும், உள்ள இருக்குறது மாறியிருக்கும். அதனால நீங்க பாக்குற வண்டியோட வருஷத்து ப்ரோஷர தேடி எடுத்துக்கிட்டு போங்க. இன்னைக்கு வெப்சைட்ல இருக்குறது போதாது.

மஹிந்திரா ஸ்கார்பியோ பாக்குறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். 2017 கடைசியில வந்த வரிசையில எஸ் 3, எஸ் 5, எஸ் 7, எஸ் 11. எஸ் 3-ல என்ஜினே வேற, 75 குதிரைத்திறன் 2.5 லிட்டர். எஸ் 11-ல 140. வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஸ்கார்பியோதான். 2016-ல குளோபல் என்கேப் மோதிப் பாத்து ஜீரோ ஸ்டார் குடுத்ததும் ஏர்பேக் இல்லாத ஸ்கார்பியோவுக்குத்தான். மோதிப் பாத்த ட்ரிம்முக்குத்தான் ஸ்டார், பேருக்கு இல்ல. "இந்த வண்டி அஞ்சு ஸ்டாராம்"னு யாராவது சொன்னா எந்த ட்ரிம்னு கேளுங்க.

ஸ்கார்பியோவுல இன்னொண்ணு, எனக்கு ரொம்ப உறுத்துற விஷயம். கீழ் ட்ரிம்கள்ல கடைசி சீட்டு பெஞ்சு மாதிரி எதிரெதிரா, பக்கவாட்டுல இருக்கும். ஒன்பது பேர் போலாம்னு அதுக்காகவே தேடி வாங்குறாங்க. அந்தப் பெஞ்சுல யார உக்கார வைக்கிறோம்? பெரியவங்க முன்னாடி ஏறிடுவாங்க, பிள்ளைங்கதான் பின்னாடி. சீட் பெல்ட் இல்லாம, பக்கவாட்டுல, 17 வளைவு. வாந்தி வருதுன்னு மட்டும் நாம கவலைப்படுறோம். முன்ன பாத்த மூணாவது வரிசை சீட்டு இருக்குற வண்டி கிடைச்சா ஒரு ஆள் இடம் குறைஞ்சாலும் அதையே எடுங்க.

ட்ரிம் அளவுக்கு மாசமும் முக்கியம். 2019 ஏப்ரல்ல இருந்து எல்லா புது கார்லயும் ஏபிஎஸ் கட்டாயம். 2019 ஜூலையில இருந்து டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, பின்பக்க பார்க்கிங் சென்சார் கட்டாயம். பொலீரோவுக்கு ஏர்பேக் வந்ததே இந்த விதியாலதான். அதனால 2018 நடு ட்ரிம்ம விட 2019 கடைசி பேஸ் மாடல்ல சில பாதுகாப்பு கூட இருக்கலாம். ஆர்சில உற்பத்தி மாசமும் வருஷமும் தனியா இருக்கும். பதிவு தேதிய பாக்காதீங்க, அத பாருங்க.

சரி, டாப் எண்டுல வேண்டாததுக்கும் காசு குடுக்குறோமே? குடுக்குறோம். ஆல் வீல் டிரைவ் மேல் ட்ரிம்ல மட்டும்தான் வரும், மாமாவுக்கு அதுல ஒரு கண்ணு. நான் வேண்டாம்னேன். எக்ஸ்யூவி ஆல் வீல் டிரைவ்ல லோ ரேஞ்ச் கியர் கிடையாது. தோட்டத்துக்குள்ள சேறும் கல்லுமா இருக்குற பாதைக்கு மாமாகிட்ட ஜீப் ஏற்கனவே கேட்டுல நிக்குது. கேட்டு வரைக்கும் தார் ரோடு. ஜீப் இல்லாதவங்களுக்கு பதில் வேற, அவங்க லோ ரேஞ்ச் இருக்குற ஸ்கார்பியோ ஃபோர் வீல் டிரைவ் மாதிரி பாக்கணும். பெரிய வீலும் லாபம் இல்ல. உயரம் குறைஞ்ச டயர், குழியில இறங்கினா ரிம்முக்கு அடி, மாத்த விலையும் ஜாஸ்தி.

சன்ரூஃப் பத்தி தனியா சொல்லணும். மலையில ஓடின வண்டின்னா அத அழகா பாக்காம சந்தேகமா பாருங்க. சன்ரூஃப சுத்தி விழுற மழைத்தண்ணி சின்ன குழாய் வழியா கீழ இறங்கும். மண்ணும் இலையும் சேந்து அது அடைச்சா தண்ணி கூரைத் துணிக்கும், கால் மிதிக்குக் கீழ இருக்குற வயரிங்குக்கும் போகும். ஒரு பாட்டில் தண்ணிய ஓரத்துல ஊத்துங்க, வண்டிக்கு அடியில சொட்டுதான்னு பாருங்க. மிதியடிய தூக்கி மோந்து பாருங்க.

டாப் எண்டுன்னு சொல்றது டாப் எண்டுதானான்னு எப்படி தெரியும்? பின்னாடி ஒட்டியிருக்குற எழுத்து கடையில கிடைக்கும், அத நம்பாதீங்க. ஆர்சியிலயும் இன்சூரன்ஸ் பாலிசியிலயும் வேரியன்ட் பேரு பாருங்க. அப்புறம் சாவிய ஆன் பண்ணி மீட்டர பாருங்க. ஏர்பேக் லைட்டும் இஎஸ்பி லைட்டும் எரிஞ்சு சில வினாடில அணையணும். அணையலைன்னா கோளாறு. எரியவே இல்லைன்னா அது இன்னும் மோசம், யாரோ லைட்டையே எடுத்துட்டாங்க. நாங்க பாத்த ஒரு வண்டில அப்படித்தான் இருந்துச்சு. புரோக்கர் "அது பல்பு போயிருக்கும் தம்பி"ன்னார். கிளம்பி வந்துட்டோம். ஸ்கேனர் வெச்சிருக்குற மெக்கானிக்க கூட்டிட்டுப் போனா ஏர்பேக் யூனிட்ல பதிவான பழைய கோளாறும் தெரியும்.

2019 ஆகஸ்ட்ல ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போனது ஞாபகம் இருக்கா? அந்த சீசன்ல எங்க தெருவுக்கு மட்டும் ரெண்டு புது டாப் எண்டு வண்டி வந்துச்சு. அந்த மாதிரி வண்டிங்கதான் இப்ப கை மாறுது. கேஎல் நம்பர் வண்டின்னா என்ஓசி, தமிழ்நாட்டு வரி, மறுபதிவு செலவையும் விலையில சேத்துக்கோங்க. வரிய வண்டியோட விலையும் வயசும் வெச்சு போடுவாங்க, அதனால டாப் எண்டுக்கு அங்கயும் கொஞ்சம் கூடும்.

மாமா கடைசியில டபிள்யூ 11-தான் எடுத்தார், ஃப்ரண்ட் வீல் டிரைவ், டிஎன் 60 வண்டி. கூரைத் துணியில இருந்த தண்ணிக் கறைய காமிச்சு 25,000 குறைச்சோம். எடுத்ததும் ரெண்டு வேலை பண்ணச் சொன்னேன். முன்னாடி இருந்த இரும்பு பம்பர கழட்டணும். அது மோதல் சென்சார் வேலைய கெடுக்கும், 2017 டிசம்பர்லயே மத்திய அரசு அதுங்க மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியாச்சு. ரெண்டாவது, முன் சீட்டுல போட்டிருந்த கெட்டி சீட் கவர். சைடு ஏர்பேக் சீட்டோட ஓரத் தையல பிச்சுக்கிட்டுதான் வெளிய வரும். மேல கவர் இறுக்கியிருந்தா வராது. பம்பர மாமா அன்னைக்கே கழட்டிட்டார். சீட் கவருக்கு அத்தைகிட்ட இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது.

அடுத்த எபிசோட்ல பழைய டீசல் வண்டில டர்போவும் கிளட்சும் எப்படி பாக்குறதுன்னு பேசுவோம். உங்க வண்டி எந்த வருஷம், எந்த ட்ரிம், எந்த ரோட்டுல ஓடுதுன்னு சொல்லி வாய்ஸ் நோட் அனுப்புங்க.